கடும் முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின்: எடுக்க முதல் தெரிஞ்சிருக்க வேண்டியது

நீலவானம்:
வணக்கம். தம்பிக்கு 19 வயது, 55 கிலோ. தாடையிலயும் முதுகிலயும் கட்டிப் பரு, ஆறினாப் பிறகு குழி விழுது. டொக்ஸிசைக்கிளினும் அடப்பலீன் ஜெல்லும் நாலு மாசம் பாவிச்சும் சரிவரேல்லை. இப்ப தோல் வைத்தியர் ஐசோட்ரெட்டினோயின் 20 மில்லிகிராம் கப்சியூல், நாளைக்கு ஒண்டு எண்டு எழுதியிருக்கிறார். ரத்தப் பரிசோதனைத் துண்டும் தந்தவர். கூகிளில பாத்தால் ஒருத்தர் அமிர்தம் எண்டுறார், இன்னொருத்தர் நஞ்சு எண்டுறார். எப்பிடிப் போடுறது, எவ்வளவு காலம், எதுக்குப் பயப்பிட வேணும், எதுக்குத் தேவையில்லை எண்டு விசயம் தெரிஞ்சவை சொல்லுங்கோ. கதை வேண்டாம், கணக்குச் சொல்லுங்கோ.

வெள்ளைக்கோட்டு:
முதல் கேள்வி: டொக்ஸிசைக்கிளினை நிப்பாட்டியாச்சா? "மிச்சம் இருக்கிறதை முடிப்பம்" எண்டு ரெண்டையும் ஒண்டாப் போடுறவை இருக்கினம். கூடவே கூடாது. டொக்ஸிசைக்கிளின், மினோசைக்கிளின் போன்ற டெட்ராசைக்கிளின் வகை மருந்துகளும் ஐசோட்ரெட்டினோயினும் சேர்ந்தால் மண்டைக்குள்ள அழுத்தம் ஏறுற ஆபத்து இருக்கு. அறிகுறி: விடாத தலையிடி, குனிஞ்சால் கூடும், சத்தி, பார்வை மங்கல் அல்லது இரட்டையாத் தெரியுறது. அப்பிடி வந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கிறதில்லை. மருந்தை நிப்பாட்டி அண்டைக்கே ஆஸ்பத்திரி.

இலங்கையில இதுக்கு இன்னொரு வாசலும் இருக்கு. எலிக்காய்ச்சல் வராமல் இருக்க வயலில இறங்குறவைக்கும், வெள்ளத் தண்ணியில வேலை செய்யுறவைக்கும் கிழமைக்கு 200 மில்லிகிராம் டொக்ஸிசைக்கிளின் குடுக்கிறது வழக்கம். தம்பி வெள்ள நிவாரண வேலைக்குப் போனாலோ, ஊருக்கு அறுவடைக்குப் போனாலோ, அங்க யாரும் "இதைப் போடு தம்பி" எண்டு நீட்டினால், இந்தக் கப்சியூல் எடுக்கிறதைச் சொல்லிப் போட்டுத்தான் முடிவு எடுக்க வேணும்.

குளிசைப்பெட்டி:
பார்மசிப் பக்கத்திலிருந்து கணக்கைச் சொல்கிறேன்.

வழமையான நாள் அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம் வரை. 55 கிலோ என்றால் ஏறத்தாழ 27 முதல் 55 மில்லிகிராம். ஆகவே 20 என்பது தொடக்க அளவு. முதல் மாதம் குறைவாகக் கொடுத்து, உடம்பு தாங்குகிறதா என்று பார்த்துக் கூட்டுவார்கள்.

நாள் அளவை விட முக்கியமானது மொத்த அளவு. ஒரு கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் என்பது பொதுவான இலக்கு. 55 கிலோவுக்கு 6600 முதல் 8250. முழுக்க 20இலேயே போனால் 6600ஐத் தொட 330 நாள். நாளுக்கு 30 என்றால் 220 நாள். 40 என்றால் 165 நாள். சில வைத்தியர்கள் ஒரு நாள் 20, மறுநாள் 40 என்று எழுதுவதும் இதற்குத்தான், சராசரி 30 வரும். கையிலுள்ள கப்சியூல்களை வைத்துச் சரிக்கட்டுகிறார்கள், அதில் மர்மம் ஒன்றும் இல்லை.

ஒரு கொப்பியில் மாதா மாதம் எத்தனை கப்சியூல், எத்தனை மில்லிகிராம் என்று கூட்டிக்கொண்டே வாருங்கள். வைத்தியர் மாறினாலும் கிளினிக் புத்தகம் தொலைந்தாலும் அந்தக் கணக்கு கையில் இருக்கும். முகம் துடைத்துவிட்ட மாதிரி ஆனதும் மூன்றாம் மாதத்தில் நிறுத்துபவர்கள்தான் திரும்பவும் வருகிறார்கள்.

நீலவானம்:
டொக்ஸி நிப்பாட்டியாச்சு, போன கிழமையே. சாப்பாட்டோட எண்டு டொக்டர் சொன்னவர். காலமை பிளேன்ரீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுப் போட்டால் போதுமோ?

நோன்புக்கஞ்சி:
போதாது. இந்த மருந்து கொழுப்பில கரையிறது. வெறும் வயித்துல எடுத்தா உடம்புல சேர்ற அளவு பாதிக்கும் கீழ போயிடும். வாயில போட்டது 20, உடம்புக்குப் போனது 8, 9 என்டு வையுங்களேன். மேல அண்ணன் போட்ட 6600 கணக்கெல்லாம் அப்ப சும்மா கொப்பியில மட்டும்தான். "ஆறு மாசம் எடுத்தும் சரிவரல்ல" என்கிற நிறையப் பேர்ட சிக்கல் மருந்துல இல்ல, பிளேன்ரீயில.

எங்கட சாப்பாட்டுல இதுக்குக் கஷ்டப்படத் தேவையில்ல. முதல் பால் விட்ட சொதியோட இடியப்பம், தேங்காய்ப்பால் கறியோட சோறு, பொரிச்ச முட்டை, பராட்டா, இதுல எது இருந்தாலும் கொழுப்பு இருக்கு. ஒரு நாளைக்கு எந்த நேரம் ஆகக் கனமா சாப்பிடுறீங்களோ அந்த நேரத்தோட கட்டிப் போடுங்க. கொழும்புல வேலைக்கு, படிக்கப் போற பொடியன்மாருக்கு அது பெரும்பாலும் ராச்சாப்பாடுதான். சாப்பாட்டுக்கு நடுவுல முழுசா விழுங்கணும். கடிக்கிறதும் உடைச்சுப் பால்ல கலக்கிறதும் வேணாம், உள்ள இருக்கிற எண்ணெய் தொண்டையை எரிக்கும்.

நோன்பு காலத்துல கேக்கிறவங்களுக்கு: நாளைக்கு ஒரு தரம் என்டா இப்தாருக்குப் பொறகு சாப்பிடுற சாப்பாட்டோட எடுக்கலாம். ஆனா தண்ணி குறையிற நேரம் உதடும் கண்ணும் இன்னும் காயும். சஹர் வரைக்கும் தண்ணியை மறக்க வேணாம்.

பம்பலப்பிட்டிக்காரன்:
வெள்ளிக்கிழமை, கந்தசட்டி எண்டு விரதம் பிடிக்கிற ஆக்கள்? பால் பழம் மட்டும் எண்டால்?

நோன்புக்கஞ்சி:
முழு ஆடைப்பால் ஒரு கோப்பையோட கச்சான், கஜு ஒரு பிடி சேர்த்தா கொழுப்பு ஓரளவு கிடைச்சிடும். ஒரு நாள் விட்டுப்போனா அடுத்த நாள் ரெண்டாப் போடக்கூடாது, அந்த ஒன்டை விட்டுடுங்க. கந்தசட்டி ஆறு நாளும் ஒரு நேரம்தான் சாப்பாடு என்டா அந்த ஒரு நேரத்தோட எடுத்தாச் சரி.

குளிசைப்பெட்டி:
உணவைப் பற்றிப் பேசும்போதே விற்றமின் ஏயையும் சொல்லிவிடுகிறேன். ஐசோட்ரெட்டினோயினே விற்றமின் ஏயின் உறவுக்காரன். ஆகவே விற்றமின் ஏ உள்ள சத்துக் குளிசை, கொட் லிவர் ஒயில் இரண்டும் இந்தக் காலத்தில் வேண்டாம். ஒமேகா 3 என்று விற்கும் சாதாரண மீன் எண்ணெய் வேறு, ஆனாலும் லேபிளில் விற்றமின் ஏ சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். கரட், பப்பாசி, மாம்பழம் தாராளமாகச் சாப்பிடலாம்; அவற்றில் உள்ளது உடம்பு தேவைக்கு மட்டும் மாற்றிக்கொள்ளும் வகை. ஈரல் கறிதான் விற்றமின் ஏ கொட்டிக் கிடக்கும் இடம், அதைக் குறையுங்கள்.

பல கம்பனிகளின் கப்சியூலுக்குள் சோயா எண்ணெய் இருக்கிறது. சோயா, கச்சான் ஒவ்வாமை உள்ளவர்கள் வாங்க முதல் துண்டுப்பிரசுரத்தைப் பார்க்க வேண்டும்.

பெட்டியின் பெயர் எதுவாக இருந்தாலும் மட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை வாசியுங்கள். இதே குடும்பத்தில் மூன்று பெயர்கள் காதில் ஒரே மாதிரி விழும். ட்ரெட்டினோயின் என்பது பருவுக்குப் பூசும் கிரீம். அசிட்ரெட்டின் என்பது சொரியாசிஸுக்கான கப்சியூல். அது உடம்பில் நெடுங்காலம் தங்கும், நிறுத்திய பிறகும் பெண்கள் 3 வருடம் கருத்தரிக்கக் கூடாது. ஐசோட்ரெட்டினோயினுக்கு அந்தக் காலம் ஒரு மாதம். மாறிப்போனால் வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள்.

வைக்கும் இடம்: மென்மையான ஜெலற்றின் உறை, கொழும்பின் வெக்கைக்கும் ஈரத்துக்கும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுக்கும். மட்டையிலேயே விடுங்கள், வாராந்தப் பெட்டிகளில் பிரித்துப் போட வேண்டாம். மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழ் வைக்கவே வேண்டாம்.

ரிப்போர்ட் ராசா:
லாப் வேலை பாக்கிறவன். துண்டில என்ன எழுதியிருக்கு? வழக்கமா ஈரலைக் காட்டுற ஏ.எல்.ரி. (பழைய பேர் எஸ்.ஜி.பி.ரி.), அதோட லிப்பிட் புரொபைல், அதாவது ரத்தக் கொழுப்பு. லிப்பிட்டில நாங்கள் பாக்க வேண்டியது ட்ரைகிளிசரைட். இந்த மருந்துக்கு அதுதான் ஏறும்.

ஒழுங்காச் செய்யாட்டி ரிப்போர்ட் பொய் சொல்லும். 10 முதல் 12 மணித்தியாலம் தண்ணியைத் தவிர ஒண்டும் இல்லாமல் வர வேணும். முதல் நாள் ராத்திரி கொத்தும் கொக்கக் கோலாவும் அடிச்சுப் போட்டுக் காலமை வந்து நிண்டால் ட்ரைகிளிசரைட் ஏறித்தான் இருக்கும். மதுவும் அப்பிடித்தான். இன்னொண்டு, ஜிம்முக்குப் போறவை ரெண்டு நாள் பாரம் தூக்காமல் வாங்கோ. தசை அடிபட்டால், ஈரலிலயும் தசையிலயும் இருக்கிற ஏ.எஸ்.ரி., தசையைக் காட்டுற சி.கே. ரெண்டும் ஏறும். பாக்கிறவர் ஈரல் பழுது எண்டு நினைச்சுத் தேவையில்லாமல் மருந்தை நிப்பாட்டிப் போடுவார். ஏ.எஸ்.ரி. மட்டும் ஏறி ஏ.எல்.ரி. ஒழுங்கா இருந்தால் சி.கே. பாத்தால் விடை கிடைக்கும்.

இலக்கம்: ட்ரைகிளிசரைட் டெசிலீற்றருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் டொக்டரோட உடனே கதைக்க வேணும், அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். 800, 1000 எண்டு போனால் கணைய அழற்சி வரப்பாக்கும். மேல் வயித்தில தொடங்கி முதுகுக்கு ஊடுருவுற குத்து, கூடவே சத்தி எண்டால் ரிப்போர்ட்டைத் தேடிக்கொண்டு நிக்க வேண்டாம், வண்டியைப் பிடியுங்கோ. ஏ.எல்.ரி. மேல் எல்லையை விட மூண்டு மடங்குக்கு மேல போனாலும் மருந்து நிக்கும்.

பம்பலப்பிட்டிக்காரன்:
மாசா மாசம் முழு ரத்தப் பரிசோதனையும் எழுதிக் காசு பறிக்கினமே, அது தேவையோ?

வெள்ளைக்கோட்டு:
பறிக்கிறது எண்டு சொல்ல மாட்டன், பழைய பழக்கம். அமெரிக்கத் தோல் மருத்துவ அக்கடமியின்ர 2024 வழிகாட்டல்படி, வேற வருத்தம் இல்லாத ஆளுக்கு ரத்த அணு எண்ணிக்கை பாக்கத் தேவையில்லை. ஈரலும் கொழுப்பும் போதும். தொடங்க முதல் ஒருக்கா, அளவு கூட்டினாப் பிறகு ஒருக்கா, ரெண்டும் ஒழுங்கா இருந்தால் பிறகு அடிக்கடி குத்துறதால பெரிய லாபம் இல்லை. ஆனால் நீரிழிவு, உடற்பருமன், குடும்பத்தில கூடின கொழுப்பு, மது, இதில ஏதும் இருந்தால் கணக்கு வேற. "இது கட்டாயமோ டொக்டர்?" எண்டு கேட்டால் ஒருத்தரும் கோவிக்க மாட்டினம்.

டெங்குக் காலத்தில இன்னொரு குழப்பம். டெங்குவிலயும் ஈரல் எண்கள் ஏறும். காய்ச்சல் எண்டு போய்ப் படுத்தால் வாட்டில முதல் சொல்ல வேண்டியது "இந்தக் கப்சியூல் எடுக்கிறன்" எண்டுறதுதான்.

நீலவானம்:
முதல் மாசம் பரு கூடும் எண்டு ஒரு இடத்தில வாசிச்சன். உண்மையோ?

வெள்ளைக்கோட்டு:
பலருக்கு ஓம். முதல் மூண்டு நாலு கிழமை கிளம்பும், பிறகு அடங்கும். கட்டிப் பரு கூட இருக்கிற ஆளுக்குக் குறைஞ்ச அளவில தொடங்கிறதே இதுக்காகத்தான்; தம்பிக்கு 20இல தொடங்கினது நல்ல முடிவு. முதல் மாசம் ஒரு முடிவும் எடுக்க வேண்டாம். நெஞ்சிலயும் முதுகிலயும் பரு உடைஞ்சு புண்ணாகி, ரத்தப் பொருக்குத் தட்டி, காய்ச்சலும் மூட்டு நோவும் சேர்ந்தால் அது சாதாரண கிளம்பல் இல்லை. பெடியங்களிலதான் கூடக் காணுறது. அப்ப ஐசோட்ரெட்டினோயினைக் கூட்டினால் எரியுற நெருப்பில எண்ணெய். ஸ்டீரொயிட் குளிசையால முதல் அடக்கிப் போட்டு, மிகச் சின்ன அளவில திரும்பத் தொடங்குவினம். இது நிபுணர் பாக்க வேண்டிய விசயம், சனல் பண்ண (தனியாரில நிபுணரிட்ட நேரம் எடுக்க) நம்பர் இல்லாட்டி தேசிய வைத்தியசாலைக்கு நேரே போங்கோ.

தம்பி ஜிம்முக்குப் போறவரோ? தசை கட்டுற ஊசி, குளிசை ஏதும் எண்டால் வீட்டில சொல்லாட்டியும் டொக்டரிட்ட சொல்லச் சொல்லுங்கோ. பருவைக் கிளப்புறது அதுவாவே இருக்கலாம். முகத்துக்குப் "வெள்ளையாக்குற" கிரீம் பூசுறவைக்கும் இதே கேள்விதான். பெயர் போடாத டப்பாவில வாறதில அனேகமா கடும் ஸ்டீரொயிட் இருக்கும். அதை நிப்பாட்டின கிழமை முகம் பொங்கும், பழி ஐசோட்ரெட்டினோயினில விழும்.

செவ்வந்தி:
தோல் கிளினிக்கில தாதியா வேலை பாக்கிறன். வறட்சியைப் பற்றி ஒருத்தரும் இன்னும் விரிவாச் சொல்லேல்லை, ஆனால் ஆக்கள் மருந்தை விடுறது ஈரலாலயோ கொழுப்பாலயோ இல்லை, உதட்டாலதான்.

உதடு காயாத ஆள் இல்லை எண்டே சொல்லலாம். காயாட்டி மருந்து உடம்பில ஒழுங்காச் சேருதோ எண்டு சந்தேகப்படுங்கோ. வெறும் பெற்றோலியம் ஜெலி போதும், நாளுக்கு எட்டுத் தரம் பத்துத் தரம் பூச வேணும், சாப்பிட முதலும் பிறகும் கட்டாயம். புதினா, கற்பூரம், வாசனை போட்ட லிப் பாம் எரிச்சலைக் கூட்டும். உதட்டை நக்குறது, தோலை உரிக்கிறது ரெண்டும் புண்ணாக்கும். கடைவாயில வெடிச்சு மஞ்சள் பொருக்குப் பிடிச்சால் கிருமி ஏறிட்டுது, அதுக்கு ஜெலி காணாது, களிம்பு எழுதித் தருவினம்.

மூக்கு: ராத்திரி படுக்க முதல் பஞ்சுக் குச்சியில கொஞ்ச ஜெலி எடுத்து ரெண்டு துவாரத்திலயும் முன்பக்கம் மட்டும் பூசுங்கோ. ஏசி அறையில நாள் முழுக்க இருக்கிறவைக்கு இது இல்லாட்டி ரத்தம் வரும். கண்: செயற்கைக் கண்ணீர்த் துளி. கொண்டக்ற் லென்ஸ் போடுறவை இந்த மாதங்களுக்குக் கண்ணாடிக்கு மாறினால் நல்லது. இரவில பார்வை மங்குறதும் சிலருக்கு வரும். அப்பிடி எண்டால் ராத்திரி வாகனம் ஓட வேண்டாம், டொக்டருக்குச் சொல்லுங்கோ.

முகத்துக்கு: மணமில்லாத மென்மையான கழுவுநீர், ரெண்டு தரம். கழுவி ஈரம் இருக்கேக்கயே மொய்ஸ்சரைசர். அடப்பலீன், பென்சொயில் பெரொக்சைட், சலிசிலிக் அசிட் எல்லாம் அலுமாரிக்குள்ள போகட்டும். தேசிக்காய்ப்புளி, சந்தனம், கஸ்தூரி மஞ்சள், அம்மம்மாவின்ர கடலைமாப் பூச்சு, எல்லாத்துக்கும் விடுமுறை. தேங்காயெண்ணெய் முகத்தில பூச வேண்டாம், தலைக்கு வைச்சால் நெற்றியில வழிய விட வேண்டாம். கொழும்பு வெயில் வருசம் முழுக்க உச்சம், தோல் இப்ப இன்னும் இலகுவா எரியும். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், காலமை ஒருக்கா, வெளியில நிண்டால் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. காலி வீதியில மத்தியானம் பஸ்ஸுக்கு நிக்கிறதும் வெளியில நிக்கிறதுதான்.

மின்மினி:
அக்கா, எனக்கும் இதே மருந்து எழுதியிருக்கு. வயது 24, கலியாணம் ஆகேல்லை. அம்மா பக்கத்தில இருக்கேக்கயே கர்ப்பப் பரிசோதனை எழுதித் தந்தார். அம்மாவின்ர முகம் மாறிட்டுது. இது எல்லாருக்கும் கேக்கிறதோ?

செவ்வந்தி:
கருத்தரிக்கக்கூடிய வயதில இருக்கிற எல்லாருக்கும் தங்கச்சி. கன்னியாஸ்திரி வந்தாலும் எழுதுறதுதான். அதில சந்தேகமும் இல்லை, அவமானமும் இல்லை. அம்மாவுக்குச் சொல்லுங்கோ, எக்ஸ்ரே எடுக்க முதல் கேக்கிற மாதிரி ஒரு நடைமுறை எண்டு.

காரணம் கடுமையானது. கர்ப்பத்தில ஒரு கப்சியூல் பட்டாலும் ஆபத்து. பிள்ளையின்ர காது, முகம், இருதயம், மூளை உருவாகுற நேரத்தில அதைக் குழப்பிப்போடும். வெளிப்பட்ட கருக்களில 20 முதல் 35 வீதத்துக்குப் பெரிய பிறவிக் குறை எண்டு மருத்துவ நூல்கள் சொல்லுது, கருச்சிதைவு அதுக்கு மேலால. இலங்கையில 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைப்படி தாயின்ர உயிரைக் காப்பாத்த மட்டும்தான் கருக்கலைப்புக்கு இடம். அதால "பிறகு பாப்பம்" எண்டுற கதை இங்க இல்லை.

நடைமுறை: தொடங்க ஒரு மாதம் முதல் இருந்து, முழுக் காலமும், கடைசிக் கப்சியூலுக்குப் பிறகு ஒரு மாதம் வரை கருத்தரிக்காமல் இருக்க வேணும். உறவில் இருக்கிறவை எண்டால் ரெண்டு முறை ஒண்டாப் பாவிக்கச் சொல்லுறது, உதாரணமா கருத்தடைக் குளிசையோட ஆணுறை. புரோஜெஸ்டரோன் மட்டும் உள்ள மினி குளிசை இதுக்குக் காணாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால் கருத்தடைக் குளிசையே வேலை செய்யாது. மாதவிடாய் வந்த ரெண்டாம் மூண்டாம் நாளில கப்சியூலைத் தொடங்கிறது வழக்கம். பாலூட்டுறவை எடுக்கவே கூடாது. மிஞ்சின கப்சியூலைத் தங்கச்சிக்கோ சிநேகிதிக்கோ குடுக்கிறது மன்னிக்க முடியாத வேலை, மிச்சத்தைப் பார்மசியில திருப்பிக் குடுங்கோ.

மாதவிடாய் ஒழுங்கில்லாமல், நாடியில முடியும் வளர்ந்தால் இதைத் தொடங்க முதல் ஹோர்மோன் பக்கம் ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ. அங்க பிரச்சினை இருந்தால் கப்சியூல் முடிய பரு திரும்பி வரும்.

மின்மினி:
நன்றி அக்கா. வாற வருசம் தையில கலியாணம் பேசியிருக்கு. அதுக்கும் இதுக்கும் இடையில எவ்வளவு இடைவெளி வேணும்?

செவ்வந்தி:
பின்னாலிருந்து எண்ணுங்கோ. எடுக்கிற காலத்திலயும் முடிஞ்சு 6 மாதத்துக்கும் வாக்ஸிங் கூடாது. தோல் மெழுகோட சேர்ந்து உரிஞ்சு வரும், தழும்பு விழும். தையில வாக்ஸிங் வேணும் எண்டால் ஆடியோட கப்சியூல் முடிய வேணும். ஆறு மாத மருந்து எண்டால் அதுக்கு முந்தின தையிலயே தொடங்கியிருக்க வேணும். மொத்தம் ஒரு வருசம். அவ்வளவு நேரம் இல்லாட்டி மருந்தை விடாதேங்கோ, வாக்ஸிங்கை விடுங்கோ, சவரம் செய்யலாம். நூல் கட்டிப் புருவம் எடுக்கிறதும் சிலருக்குத் தோலைக் கிளப்பும், முதல் ஒரு ஓரத்தில பாருங்கோ. பிளீச், ஸ்கிரப் போட்ட பேஷியல் வேண்டவே வேண்டாம். மணப்பெண் பக்கேஜ் எண்டு பியூட்டி பாலரில ஒண்டாச் சேர்த்துப் பூசிப்போடுவினம், முதலே சொல்லி வையுங்கோ.

பம்பலப்பிட்டிக்காரன்:
குழிக்கு லேசரும் 6 மாதம் கழிச்சோ?

வெள்ளைக்கோட்டு:
பழைய விதி அப்பிடி. 2017இல அமெரிக்கத் தோல் அறுவைச் சிகிச்சைச் சங்கம் சான்றுகளைத் திரும்பப் பாத்து, மேலோட்டமான பீல் (மருந்து பூசித் தோலை உரிக்கிறது), சில வகை லேசர் போன்றதுகளுக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை எண்டு சொன்னது. தோலை முழுசா உரிக்கிற லேசருக்கும் இயந்திரத்தால தேய்க்கிற முறைக்கும் எச்சரிக்கை அப்பிடியே இருக்கு. எங்கட தோலில கருந்தழும்பும் புடைச்ச தழும்பும் இலகுவா வாறதால நான் அவசரப்பட மாட்டன். கபில நிற அடையாளம் எல்லாத்தையும் குழி எண்டு நினைக்க வேண்டாம், தட்டையா இருந்தால் அது நிறம் மட்டும்; வெயில் படாமல் பாத்தால் மாதக்கணக்கில தானா மங்கும்.

குளிசைப்பெட்டி:
குறைந்த அளவில் நீண்ட காலம் கொடுப்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்பார்கள். நடுத்தரப் பருவுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது, வறட்சியும் குறைவு. கட்டியும் தழும்பும் உள்ள ஆளுக்கு என் கருத்தில் அது காலத்தை வீணாக்கல். குழி விழுந்துகொண்டே இருக்கும்.

வெள்ளைக்கோட்டு:
பாதி உடன்பாடு. 30 மில்லிகிராமில உதடு வெடிச்சு மருந்தை எறியுற ஆளை விட, 20இல 11 மாதம் ஒழுங்கா எடுக்கிற ஆள் மேல். எடுக்காத மருந்துக்கு மொத்த அளவு பூச்சியம்.

நீலவானம்:
மனச்சோர்வு வரும் எண்டுறது? அம்மா இதைக் கேட்டுத்தான் கனக்கப் பயப்பிடுறா.

வெள்ளைக்கோட்டு:
பெரிய சனத்தொகை ஆய்வுகளில மனநோய் ஆபத்து கூடினதாத் தெரியேல்லை எண்டுதான் அந்த 2024 வழிகாட்டல் சொல்லுது. பிரித்தானியா கொஞ்சம் கடுமை. 2023 ஒக்டோபரில அங்க, 18 வயதுக்குக் குறைஞ்ச ஆளுக்குத் தொடங்க மருத்துவத் துறையில ரெண்டு பேர் ஒப்புக்கொள்ள வேணும், மனநிலை பற்றியும் பாலியல் பக்கவிளைவு பற்றியும் முன்கூட்டியே கதைக்க வேணும் எண்டு விதி கொண்டுவந்தவை. ரெண்டையும் சேர்த்துப் பாத்தால்: அனேகம் பேருக்கு முகம் தெளிய மனமும் தெளியும், ஆனால் ஒரு சிலருக்கு மாறி நடக்கலாம். யார் எண்டு முன்கூட்டிச் சொல்ல ஏலாது.

அதால முன்னம் மனச்சோர்வு இருந்தால் மறைக்காமல் டொக்டருக்குச் சொல்லுறது. வீட்டில ஒருத்தர் கண் வைச்சிருக்கிறது: நித்திரை குழம்புதோ, கதை குறையுதோ, எரிச்சல் கூடுதோ, சிநேகிதரை ஒதுக்கிறாரோ. கண்டால் மருந்தை நிப்பாட்டிப் போட்டு டொக்டருக்கு அறிவியுங்கோ. உயிரை விடுற கதை வந்தால் தனிய விட வேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

பம்பலப்பிட்டிக்காரன்:
சென்னையில இருந்து ஆக்களிட்டச் சொல்லி எடுப்பிச்சால் லாபம் எண்டு சொல்லுகினம். டொக்டரின்ர துண்டு இல்லாமலும் கிடைக்குமாம்.

குளிசைப்பெட்டி:
மருந்து ஒன்றாக இருக்கலாம், ஆனால் சூட்கேசில் வருவது எத்தனை நாள் எந்த வெக்கையில் கிடந்தது என்று தெரியாது, இங்கே ஒளடத அதிகாரசபையின் பதிவும் இருக்காது. துண்டு இல்லாமல் வாங்கினால் அளவைக் கூட்டவும் குறைக்கவும் ரிப்போர்ட் பார்க்கவும் ஆள் இல்லை. விலைதான் சிக்கல் என்றால் எழுதும் வைத்தியரிடம் மருந்தின் பொதுப் பெயரை எழுதச் சொல்லுங்கள், அரசாங்க மருந்துக்கடையான ஒசுசலயில் முதலில் கேளுங்கள், பிறகு மற்றக் கடைகளில் ஒப்பிடுங்கள். தொடங்கிய கம்பனியின் கப்சியூலிலேயே முடிந்தவரை போங்கள். ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்து வாங்க வேண்டாம், அளவு மாறினால் காசு வீண்.

இரத்ததானமும் கூடாது, கடைசிக் கப்சியூலுக்குப் பிறகு ஒரு மாதம் வரை. வெசாக் காலத்தில் முகாம் நடந்தால் தம்பி வரிசையில் போய் நிற்காமல் பாருங்கள். அந்த இரத்தம் கர்ப்பிணிக்கு ஏறலாம்.

ரிப்போர்ட் ராசா:
கால் பெருவிரல் நகம் சதைக்குள்ள வளர்றதும் இந்த மருந்தில வாறதுதான், நகத்தை நேரா வெட்டுங்கோ, ஓரத்தை வளைச்சு வெட்ட வேண்டாம். முதுகு நோவும் சிலருக்கு, கிரிக்கெட் விளையாடுற பெடியங்களுக்குக் கூட.

நீலவானம்:
எல்லாருக்கும் நன்றி. நாளைக்கு வெறும் வயித்தோட ரத்தம் குடுக்கப் போறார், ராச்சாப்பாட்டோட கப்சியூல் எண்டு முடிவு. கடைசியா ஒண்டு: முடிச்சாப் பிறகு பரு திரும்பி வந்தால் உடனே ரெண்டாம் தரம் தொடங்கலாமோ?

வெள்ளைக்கோட்டு:
உடனே வேண்டாம். நிப்பாட்டினாப் பிறகும் சில மாதம் முகம் திருந்திக்கொண்டு போகும். குறைஞ்சது 8 கிழமை பொறுத்துப் பாத்துத்தான் ரெண்டாம் சுற்றைப் பற்றிக் கதைக்கிறது. அங்க இங்க ஒண்டு ரெண்டு சின்னப் பரு எண்டால் அடப்பலீன் ஜெல்லே போதும். அலுமாரியில வைச்சதை அப்ப எடுங்கோ, ஆனால் காலாவதித் திகதியைப் பாத்து.